புகை வராத வண்டி

மச்சான் வண்டியை உதைத்துக் கிளப்பியபோது பின்னால் புகை வரவில்லை. அதை முதலில் கவனித்துச் சொன்னவள் என் மனைவி. பின்சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து, முந்தானையை மடியில் சுருட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"பரவாயில்லையே, இன்னைக்குப் புகையே காணோம். என் புடவை தப்பிச்சுது."

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புகை ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் இறங்கியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. சிரித்தேன்கூட.

அது ஏன் என்று சொல்ல, அந்த வண்டியைப் பற்றியும் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வண்டி என் மாமனாருடையது. மைசூரில் செய்த பழைய வண்டி. இரண்டு புகைக்குழல், உதைக்கிற தண்டே கியர் தண்டும். மாமனார் காலமான பிறகு அது என் மனைவியின் தம்பிக்கு வந்தது. அவனைத்தான் மச்சான் என்கிறேன். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்று, பெங்களூரில் நீலசந்திராவில் மகனோடும் மருமகளோடும் இருக்கிறான். எழுபதை நெருங்கியும் ஞாயிறு பூசைக்கு அந்த வண்டியில்தான் போவான். சத்தத்தில் தெருவே தெரிந்துகொள்ளும்.

இந்த மாதிரி வண்டியில் என்ஜினுக்கென்று தனி எண்ணெய் கிடையாது. பெட்ரோல் டாங்கிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். அந்த எண்ணெய்தான் பிஸ்டனை வழுக்கிக்கொண்டு ஓட வைக்கிறது. அது எரிவதால்தான் பின்னால் நீலப் புகை. வெறும் பெட்ரோலில் ஓடினால் முதலில் வண்டி வழக்கத்தைவிட உற்சாகமாகவே ஓடும். பிறகு சூடேறிப் பிஸ்டன் கவ்விக்கொள்ளும். பின்சக்கரம் ஓடுகிற ஓட்டத்திலேயே நின்றுவிடும். அந்த நொடியில் ஓட்டுகிறவன் கிளட்சைப் பிடித்துவிட்டால் சக்கரம் விடுபடும். இல்லாவிட்டால் வண்டி இழுத்துக்கொண்டு போய்த் தள்ளும். அதனால் பழைய ஆட்கள் ஓட்டும்போதெல்லாம் இடது கையின் இரண்டு விரலைக் கிளட்சின் மேலேயே வைத்திருப்பார்கள். மச்சானும் அப்படித்தான். அதில் அவனுக்கு ஒரு பெருமை உண்டு.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன். ஒன்றுமில்லாததில் இருந்து ஆற்றல் வராது என்று கரும்பலகையில் எழுதி எழுதிக் கை தேய்ந்தவன். அப்படிப்பட்டவன் வாழ்நாள் முழுக்கப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் சாமான்களை வாங்கிக்கொண்டே இருந்தேன். பெட்ரோல் குழாயில் கட்டுகிற காந்தம். டாங்கில் போடுகிற மாத்திரை. காற்று வடிகட்டிக்குள் சொருகுகிற செம்புச் சல்லடை. ஒரு தடவை தண்ணீர் பாட்டில் ஒன்றை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, அதில் குமிழி விட்ட காற்றை ரப்பர் குழாய் வழியாக என்ஜினுக்குக் கொடுத்துக்கொண்டு போனேன். மச்சான் பார்த்துவிட்டு, "யாருக்கு மாமா டிரிப்ஸ் ஏத்தறீங்க? வண்டிக்கா, உங்களுக்கா?" என்று கேட்டான். அன்றிலிருந்து குடும்பத்தில் எனக்குப் பெயர் மைலேஜ் மாஸ்டர்.

ஒவ்வொரு சாமானும் முதலில் பலித்ததுபோலவே இருக்கும். ஏன் என்று எனக்கே தெரியும். புதிதாக ஒன்றை மாட்டிய வாரத்தில் நான் முறுக்காமல் ஓட்டுவேன், சிக்னலில் என்ஜினை அணைப்பேன், இறக்கத்தில் உருள விடுவேன். மிச்சம் என் கையால் வந்தது. பெயர் காந்தத்துக்குப் போனது. தெரிந்தும் அடுத்ததை வாங்குவேன். மச்சான் எதிரில் ஒரே ஒரு தடவையாவது நான் சொன்னது சரி என்று ஆக வேண்டும். அவ்வளவுதான் ஆசை. வெட்கமாக இருக்கிறது எழுதுவதற்கு.

மாத்திரைக் காலத்தில் ஒரு கல்யாணத்துக்காக அந்த வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு கோலார் பக்கம் போனேன். மாத்திரை கரையாமல் கார்புரேட்டரை அடைத்துக்கொண்டது. மச்சான் லாரி பிடித்து வந்து வண்டியை ஏற்றிப் போனான். அந்தக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில், எல்லார் முன்னாலும், பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்: "மாமா, அப்பா வண்டியில இனிமே கை வைக்க மாட்டேன்னு சொல்லுங்க. அப்பத்தான் கறி வைப்பேன்." எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. சொன்னேன். என் மனைவி பக்கத்தில் இருந்தாள்.

போன வருஷ மழைக்காலத்தில் நீலசந்திராவில் அவர்கள் வீட்டுச் சந்தில் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டார்கள். வண்டியை நிறுத்த இடமில்லை. ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டு முன்னால் கொஞ்சம் இடம் உண்டு. கொண்டுவந்து விட்டுவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தான். "அப்பப்போ ஸ்டார்ட் மட்டும் பண்ணுங்க மாமா. ஸ்டார்ட் மட்டும்."

சிவாஜிநகரில் பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கிற சந்தில் அதை வாங்கினேன். கட்டைவிரல் அளவு பித்தளைத் துண்டு, நடுவில் ஒரு திருகு. கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையே பொருத்தினால் கூடுதலாகக் காற்றை உள்ளே விடும். "லே ஜாவ் சாப், புகை பில்குல் பந்த்" என்றான் கடைக்காரன், புகை சுத்தமாக நின்றுவிடும் என்று. காற்று கூடினால் என்ஜின் அதிகமாகச் சூடாகும் என்று பஸ்ஸில் வரும்போதே எனக்குத் தெரியும். தேர்வில் கேட்டிருந்தால் சரியாக எழுதியிருப்பேன். ஆனாலும் ஒரு முறை மாட்டி, ஓட்டிப் பார்த்து, கழற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

அவர்கள் கிளம்பிய அன்று காலையில் டாங்கைக் காலி செய்து, துண்டைப் பொருத்தி, கேனில் இருந்து புதுப் பெட்ரோலை நிறைய ஊற்றினேன். எண்ணெய் பாட்டில் வாசற்படியில் இருந்தது. மூடியைத் திறக்கும்போது கேட் சத்தம் கேட்டது.

"மாமா! ரோடு மூடிட்டாங்க! வண்டிய எடுத்துக்கலாம்னு வந்தேன்."

பாட்டிலைக் குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால் தள்ளினேன். கையை வேட்டியில் துடைத்தேன்.

அவன் காப்பி குடித்து முடிக்கிற வரை எனக்கு நேரம் இருந்தது. வெளியே போய் எண்ணெயை ஊற்றிவிட்டு வந்திருக்கலாம். போனேன். அவன் டம்ளரோடு பின்னாலேயே வந்துவிட்டான். டயரை அமுக்கிப் பார்த்தான். நான் கார்புரேட்டர் பக்கம் மறைத்து நின்றேன். என் மனைவி உள்ளே இருந்து, "டேய், நானும் வரேன். உன் மருமக மீன் குழம்பு சாப்பிட்டு எத்தனை நாளாச்சு" என்று புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஆட்டோல போயேன்" என்றேன்.

"தம்பி வண்டி இருக்கறப்போ எதுக்கு ஆட்டோ?"

மச்சான் ஏறி உட்கார்ந்து வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டினான். டாங்கில் பெட்ரோல் அலம்புகிற சத்தம் கேட்டுத் திருப்தியாகத் தலையை அசைத்தான். பிறகு கேட்டான்.

"எண்ணெ ஆச்சா மாமா?"

இதை விளக்க வேண்டும். கன்னடத்தில் எண்ணெ என்றால் எண்ணெய். பெங்களூரில் பேச்சு வழக்கில் குடிக்கிற சரக்குக்கும் அதே பெயர்தான். நான் எப்போதாவது ஒரு பெக் போடுவது மச்சானுக்கு நிரந்தரக் கிண்டல். எந்த நேரத்தில் பார்த்தாலும் "எண்ணெ ஆச்சா மாமா?" என்பான். நான் "ஆச்சுப்பா, ஃபுல் டேங்க்" என்பேன். எங்கள் வீட்டில் வணக்கம் சொல்வது மாதிரி அது.

அன்றும் அதையேதான் சொன்னேன். "ஆச்சுப்பா, ஃபுல் டேங்க்."

பின்னாளில் எல்லாம் வெளியே வந்தால் சொல்லிக்கொள்ள ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன்: அவன் கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன், நானும் கிண்டலாகச் சொன்னேன். அது பொய். அவன் கை டாங்க் மூடியின் மேல் இருந்தது. வண்டியைப் பற்றித்தான் கேட்கிறான் என்று தெளிவாகத் தெரிந்தது. ஒளிந்துகொள்ள அந்தச் சொல் இடம் கொடுத்தது, ஒளிந்துகொண்டேன்.

"போதும் உங்க எண்ணெ புராணம்" என்று என் மனைவி அவன் முதுகில் தட்டினாள். "கிளம்பு."

அவர்கள் முனை திரும்பியதும்தான் உள்ளே போய்ப் போனை எடுத்தேன். அவளுக்குப் போன் செய்தேன். சாப்பாட்டு மேஜையில் அவள் போன் அடித்தது. மச்சானுக்குச் செய்தேன், அடித்து அடித்து ஓய்ந்தது. அவன் ஓட்டும்போது எடுக்க மாட்டான், அதுவும் ஒரு கொள்கை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். முதல் ஆட்டோக்காரர் நீலசந்திரா என்றதும் "பரல்லா சார்" என்று வர மறுத்துப் போய்விட்டார். இரண்டாவது ஆட்டோவில் ஊர் பெயர் சொல்லாமலே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"எல்லி சார்?"

"முன்னால போங்க. ஒரு பழைய பைக் போகுது. அதைப் பிடிக்கணும்."

"ஏன் சார், யாராச்சும் எடுத்துக்கிட்டு ஓடிட்டாங்களா?" தமிழிலேயே கேட்டார்.

"என் சம்சாரம் போறாங்க."

கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அவர் முறுக்கி ஓட்டினார். மெஜஸ்டிக் பக்கம் பஸ்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு சிக்னலிலும் தலையை வெளியே நீட்டிக் கேட்டேன், அந்த வண்டியின் சத்தம் தூரத்தில் இருந்தே அடையாளம் தெரியும். கேட்கவில்லை. இன்னும் ஓடி எட்டாத தூரம் போய்விட்டது, அதனால்தான் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். கார்ப்பரேஷன் தாண்டும்போது பிஸ்டன் எவ்வளவு சூடாகியிருக்கும் என்று மனது தானாகவே கணக்குப் போட்டது. படித்த படிப்பு அதற்குத்தான் உதவியது.

ரிச்மண்ட் சர்க்கிள் மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் தேங்கி நின்றன. ஆட்டோவை விட்டு இறங்கி நடந்தேன். ஒரு பஸ் குறுக்காக, பிரேக் போட்ட கோணத்தில் நின்றது. அதன் முன்சக்கரத்துக்குச் சற்று முன்னால் வண்டி படுத்திருந்தது.

என் மனைவி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டை இடது கையில் குழந்தையைப்போல ஏந்தியிருந்தாள். யாரோ ஒரு பெண் அவள் வாயில் தண்ணீர் புகட்டினாள். உயிரோடு இருக்கிறாள் என்று பார்த்துவிட்டேன். அடுத்து என் கண் எங்கே போனது தெரியுமா? கார்புரேட்டருக்கு. அந்தப் பித்தளைத் துண்டு யார் கண்ணிலாவது பட்டுவிட்டதா என்று பார்த்தேன்.

மச்சான் நின்றுகொண்டு தன் இடது கையை விரித்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிடிச்சேன் மாமா" என்றான். "பிடிச்சேன்னுதான் நினைக்கறேன். பிடிச்சிருந்தா ஏன் விழுந்துச்சு?"

"ஏற்றம்பா. யாரா இருந்தாலும் விழுந்திருக்கும்."

"பஸ்காரன் மட்டும் பிரேக் அடிச்சு நிறுத்தலைன்னா அக்கா..."

அவனையும் அவளையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பொறுப்பான மனிதர் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஒரு சரக்கு ஆட்டோவில் வண்டியை ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, துண்டைக் கழற்றினேன். தொட்டிக்குப் பின்னால் இருந்த எண்ணெயை எடுத்து டாங்கில் அளவாக ஊற்றிக் கலக்கினேன். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் கையில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

மெக்கானிக் வண்டியைத் திறந்தார். டாங்கில் எண்ணெய் சரியாக இருக்கிறது, வயசான வண்டி, பிஸ்டன் பிடிக்கிறது சகஜம் என்றார். கிளட்சைப் பிடித்திருந்தால் நின்றிருக்கும் என்றும் சொன்னார். டாங்கில் நான் வைத்ததை வைத்துத்தான் அவர் சொல்ல முடியும். அதோடு பழி மச்சானின் இடது கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அவன் மகன் கெட்டவன் இல்லை. "டாடி, இத்தனை வருஷம் ஓட்டினீங்க, போதும். கை மெதுவாயிடுச்சு" என்று சொல்லிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். மச்சான் கொடுத்துவிட்டானாம். அதற்கப்புறம் நான் போகும்போதெல்லாம் ஒரு ரப்பர் பந்தை இடது கையில் வைத்து அமுக்கிக்கொண்டே இருப்பான். டிவி பார்க்கும்போதும், பேசும்போதும். கிண்டல் நின்றுபோனது. சாதம் பரிமாறும்போது அக்காவின் கையைப் பார்ப்பான்; அவளுக்கு மணிக்கட்டு சற்றுக் கோணலாகவே சேர்ந்திருந்தது, கரண்டியை இடது கைக்கு மாற்றியிருந்தாள். அவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வான்.

எத்தனையோ தடவை சொல்லிவிட வேண்டும் என்றே போனேன். கதவைத் திறப்பார்கள், மருமகள் காப்பி கொண்டுவருவாள், நான் கார்ப்பரேஷன் தேர்தல் எப்போது வரும் என்று பேசிவிட்டு வருவேன். மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது சாமியாரிடம் சொன்னேன். சம்பந்தப்பட்டவரிடம் சொல்லுங்கள் என்றார். கோவிலை மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

பிறகு மகன் வண்டியை விற்க ஆள் பார்த்துவிட்டான். பழைய வண்டிகளைப் பிரித்துப் புதுப்பிக்கிற ஒருவர், சனிக்கிழமை மைசூரில் இருந்து வருகிறார் என்று என் மனைவிக்குப் போனில் சொன்னான். அவள் போனை வைத்தாள். "அப்பா வண்டி. போகட்டும். அவன் கைதான் போச்சே" என்றாள்.

சனிக்கிழமை இருவரும் போனோம். வண்டி சந்தில் துடைத்து நிறுத்தியிருந்தது. மச்சான் ஹாலில் பந்தோடு இருந்தான். ஆள் இன்னும் வரவில்லை. நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் காப்பி வந்துவிடும்.

"மச்சான், வண்டிய விக்காதே. உன் கை நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு டாங்க்ல எண்ணெ இல்ல. நான் போடலை."

"ஆச்சுன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேன்." பித்தளைத் துண்டைச் சொன்னேன். விழுந்ததற்கு அப்புறம் எண்ணெய் ஊற்றி வைத்ததைச் சொன்னேன். கிறிஸ்துமஸ் வாக்கை மீறினதை ஒத்துக்கொள்ளப் பயந்தேன் என்று சொன்னேன்.

அவன் பந்தை சோபாவில் வைத்தான். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "டேய், இங்க வா. உன் பொண்டாட்டியையும் கூப்பிடு." இருவரும் வந்து நின்றதும் என்னைப் பார்த்தான். "இப்ப சொல்லுங்க மாமா. முதல்ல இருந்து."

முதலில் இருந்து சொன்னேன். பிள்ளைகள் எதிரில் அது இன்னும் நீளமாக இருந்தது. மகன் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "மாமா, அப்ப டாடி கிளட்ச் பிடிச்சாரா?"

"பிடிச்சிருப்பார். எண்ணெயே இல்லாம அந்த அளவுக்குப் பிடிச்சுக்கிட்ட என்ஜின்ல, ஏற்றத்துல, இதுக்கு மேல யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. அவர் பிடிக்கலைன்னா பஸ் நிறுத்தறதுக்குள்ள..."

மகன் வெளியே போய் மைசூர் ஆளுக்குப் போன் செய்தான். சாவியை அலமாரியில் இருந்து எடுத்து டீபாயில் வைத்தான். மச்சான் அதைத் தொடவில்லை. தன் இடது கையைத் தொடையில் மல்லாக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், அதற்காகத் தயாராகவே வந்திருந்தேன். "அக்கா" என்று மட்டும் கூப்பிட்டான். அப்போதுதான் நானும் திரும்பினேன்.

இத்தனை மாதமும் நான் யோசித்ததெல்லாம் மச்சானைப் பற்றித்தான். அவனுக்கு எப்படிச் சொல்வது, அவன் என்ன சொல்வான், அவன் கை, அவன் வண்டி. என் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் வந்தவளிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"நான் ஏறி உக்காரும்போது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"என்ன?"

"வண்டி நின்னுடும்னு."

அறையில் எல்லாரும் இருந்தார்கள். கிண்டலாகச் சொல்வதற்கு இந்தக் கேள்வியில் இரண்டாவது அர்த்தம் எதுவும் இல்லை.

"தெரியும்" என்றேன்.

அவள் தலையை அசைத்தாள். கோபமாகத் தெரியவில்லை. ஒரு விலாசத்தைச் சரிபார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. மருமகளிடம் திரும்பி, "மீன் வாங்கியாச்சா? நான் கழுவறேன்" என்று உள்ளே போனாள்.

சாயங்காலம் கிளம்பும்போது சமையலறை வாசலில் நின்று கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நீங்க போங்க. நான் கொஞ்ச நாள் இங்க இருக்கேன்" என்றாள். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. அவள் தம்பி கேட் வரைக்கும் வந்தான். மெஜஸ்டிக் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று எனக்குத் தெரிந்ததையே சொன்னான், வேறு பேச்சு இல்லாததால்.

அவள் தவக்காலம் தொடங்கிய பிறகு திரும்பி வந்தாள். சமைக்கிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், பேசுகிறாள். வெளியே போக ஆட்டோ கூப்பிட்டால் மட்டும் நான் ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் தெருவிலேயே நிற்கிறாள். டிரைவரிடம் தானே குனிந்து, வண்டி நல்லா இருக்கா என்று கேட்கிறாள். அவர் என்ன சொன்னாலும், என் முகத்தைப் பார்க்காமல், யோசித்து, பிறகுதான் ஏறுகிறாள்.